அமெரிக்காவில் இப்போது எந்த நகரங்கள் வளர்கின்றன?

அமெரிக்காவின் எந்த நகரங்கள் இப்போது வளர்ச்சியில் முந்துகின்றன, அந்த வளர்ச்சி நிலைக்குமா என்பது கேள்வி. டெக்சாஸின் டாலஸ்–ஃபோர்ட் வொர்த் வட்டாரம், ஆஸ்டின், அரிசோனாவின் ஃபீனிக்ஸ், வட கரோலினாவின் ராலே, சார்லட் ஆகியவற்றை நான் முதல் வரிசையில் வைப்பேன். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், ஒஹையோவின் கொலம்பஸ் ஆகியவை அடுத்த வரிசையில் வரும். டெட்ராய்ட் எந்த வரிசையிலும் அடங்காது. அதைத் தனியாகப் பேச வேண்டும். இந்த வரிசையை மக்கள்தொகைப் பெருக்கத்தை மட்டும் பார்த்துப் போடவில்லை. ஒரு நகரத்துக்கு மக்கள் வருவது எளிது. வருகிறவர்களுக்குத் தாங்கக்கூடிய விலையில் வீடும், அந்த வீட்டுக்குத் தண்ணீரும், வீட்டிலிருந்து வேலைக்குப் போக வழியும் ஏற்பாடு செய்வதுதான் கடினம். அந்த மூன்றையும் செய்ய முடிகிற நகரங்களே வேகம் பிடித்தவை என்பது என் கருத்து.

விழுக்காட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் பிரின்ஸ்டன் நல்ல உதாரணம். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இதுவல்ல. டாலஸுக்கு வடகிழக்கே காலின் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) உள்ள சிற்றூர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024 ஜூலை வரையிலான ஓராண்டில் இந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடி 37,000 ஆனது. நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்குவதை அதன் நகர மன்றம் நிறுத்தி வைத்துவிட்டது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர் அமைப்பும் சாலையும் காவல்துறையும் வந்து சேர்ந்த கூட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஊருக்குள் போதிய வேலையும் இல்லாததால், பெரும்பாலோர் காலையில் ஒரே நெடுஞ்சாலையில் வரிசைகட்டி மேற்கே போகிறார்கள். இப்படிப்பட்ட ஊரை முதலிடத்தில் வைக்கும் பட்டியல்களைப் படித்துவிட்டு முடிவெடுப்பது சரியாகாது.

எல்லைக்கோடு இன்னொரு சிக்கல். புளோரிடாவின் ஜாக்சன்வில் 10 லட்சம் மக்களைத் தாண்டிவிட்டது; காரணம், 1968இலேயே அந்த நகராட்சி தன் கவுன்டியோடு இணைந்து, புறநகர்களையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. அட்லாண்டா நகர எல்லைக்குள் சுமார் 5 லட்சம் பேரே இருக்கிறார்கள், அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் 60 லட்சத்துக்கு மேல். இவை இரண்டையும் நகர எண்ணிக்கையால் ஒப்பிட்டால் தலைகீழான படம்தான் கிடைக்கும். 2024 வரையிலான ஓராண்டில் எந்த அமெரிக்க நகரத்தைவிடவும் அதிகமான ஆட்களைச் சேர்த்தது நியூயார்க், 87,000 பேர். அப்படியும் அது 2020 கணக்கெடுப்பின்போது இருந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஆகவே இங்கு நான் நகரம் என்று சொல்லும்போது, வேறாகக் குறிப்பிடாத இடங்களில், மையநகரும் புறநகர்களும் சேர்ந்த வட்டாரத்தையே குறிக்கிறேன்.

அந்தக் கணக்கில் டாலஸ்–ஃபோர்ட் வொர்த் வட்டாரத்துக்கு நிகராகச் சொல்லக்கூடியது ஹூஸ்டன் ஒன்றுதான். 2023–24இல் ஹூஸ்டன் வட்டாரம் சுமார் 1.98 லட்சம் பேரையும், டாலஸ் வட்டாரம் 1.78 லட்சம் பேரையும் சேர்த்தன. டாலஸ் வட்டாரத்தின் மொத்த மக்கள்தொகை 83 லட்சத்தை எட்டியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, டாலஸ் மாநகராட்சி மெதுவாகவே வளர்கிறது. வேகமெல்லாம் வடக்குப் புறநகர்களிலும் மேற்கே ஃபோர்ட் வொர்த்திலும் இருக்கிறது. ஃப்ரிஸ்கோ 2000ஆம் ஆண்டில் சுமார் 34,000 பேர் வாழ்ந்த ஊர்; 2020இல் அது 2 லட்சத்தைத் தொட்டது. ஃபோர்ட் வொர்த் 2024இல் 10 லட்சத்தைக் கடந்து நாட்டின் பதினோராவது பெரிய நகரமாயிற்று.

ஃபோர்ட் வொர்த்தை மாட்டுச்சந்தை ஊர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரின் வடபகுதியில் 1989இல் அலையன்ஸ் என்ற பெயரில் சரக்குக்கென்றே ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. பயணிகளுக்காகக் கட்டாமல் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் மனத்தில் வைத்துக் கட்டிய அந்த நிலையத்தின் பக்கத்திலேயே ரயில் சரக்கு முனையமும் நெடுஞ்சாலையும் சேர்ந்தன. கடற்கரையில்லாத ஊர் துறைமுகத்தின் வேலையைச் செய்யத் தொடங்கியது. இதற்கு முன்பே, 1974இல், இரு நகரங்களுக்கும் நடுவே பயணிகளுக்கான பெரிய விமான நிலையம் வந்திருந்தது. அதன் பரப்பு மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. நாட்டின் இரு கரைகளுக்கும் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் நிறுவனங்கள் தலைமையகங்களை இங்கு மாற்றின. டொயோட்டா 2017இல் தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிபோர்னியாவிலிருந்து பிளேனோவுக்குக் கொண்டுவந்தது. சார்லஸ் ஷ்வாப் வெஸ்ட்லேக்குக்கும் கேட்டர்பில்லர் இர்விங்குக்கும் வந்தன. வருமான வரி இல்லாத மாநிலம் என்பதை எல்லோரும் முதல் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு விமான நிலையங்களே முதல் காரணமாகப் படுகின்றன. வரியில்லாத மாநிலங்கள் வேறு பலவும் உண்டு, அங்கெல்லாம் இப்படிக் கூட்டம் சேரவில்லை.

டெக்சாஸில் வீடுகள் இவ்வளவு விரைவாக எழுவதற்குப் பின்னால் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே விவசாய நிலத்தை வாங்கும் கட்டுமான நிறுவனம், அந்த இடத்துக்கென்று குடிநீர், வடிகால் வசதிகளைக் கவனிக்கும் ஒரு தனி மாவட்டத்தை உருவாக்கக் கேட்கலாம். அந்த மாவட்டம் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, குழாய், கழிவுநீர் நிலையம் போன்றவற்றின் செலவை ஈடுசெய்யும். பின்னால் அங்கு வீடு வாங்குகிறவர்கள் தங்கள் சொத்து வரி வழியாக அந்தக் கடனை அடைப்பார்கள். நகராட்சியின் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் போகாமல் ஒரு புதிய ஊர் எழுந்துவிடுகிறது. நகராட்சி பணம் ஒதுக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால், இந்த வேகத்தின் அருமை புரியும். அதன் விலையும் சிறிதல்ல. இத்தகைய மாவட்டங்களில் பள்ளி, கவுன்டி வரிகளையும் சேர்த்தால், வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வரையும், சில இடங்களில் 3 விழுக்காட்டை ஒட்டியும் வரி வருகிறது. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு என்றால் 12,500 டாலர். வருமான வரி மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்களில் பலர் இந்த வரியைக் கணக்கில் எடுப்பதில்லை.

தண்ணீர் விஷயத்தில் டாலஸ் வட்டாரம் முன்யோசனையோடு நடந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் நெருக்கடி தொலைவில் இல்லை. வடபுறப் புறநகர்களுக்குத் தண்ணீர் தரும் வாரியம் ஃபானின் கவுன்டியில் போடார்க் என்ற ஏரியைக் கட்டி 2023இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. டெக்சாஸில் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் கட்டப்பட்ட முதல் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். அடுத்ததாகத் திட்டமிட்டிருக்கும் மார்வின் நிக்கல்ஸ் நீர்த்தேக்கத்துக்கு வடகிழக்கு டெக்சாஸின் நில உடைமையாளர்கள் பல்லாண்டுகளாக எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். டாலஸ்காரர்களின் புல்தரைக்காக எங்கள் காடும் மேய்ச்சல் நிலமும் ஏன் மூழ்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2025 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தண்ணீர்த் திட்டங்களுக்கு ஒதுக்க டெக்சாஸ் மக்கள் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் போன்ற ஊர்கள் தடுமாறினாலும் வட்டாரம் முழுவதும் முடங்காது என்று நான் நம்புவதற்கு இத்தகைய முடிவுகளே காரணம்.

ஆஸ்டினைப் பற்றி 2023 முதல் செய்தித்தாள்கள் எழுதிவருவது பெரும்பாலும் இறங்குமுகக் கதை: வாடகை விழுகிறது, வீட்டு விலை குறைகிறது, மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள்கூட நாஷ்வில்லை நோக்கிப் போகிறது என்று. எனக்கோ அமெரிக்க நகரங்களிலேயே இன்று மிகவும் பாராட்டத்தக்கது ஆஸ்டின்தான் என்று தோன்றுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்நுட்ப ஊழியர்கள் திரண்டு வந்து வாடகை எகிறியபோது, இந்த நகரம் மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் நாட்டிலேயே மிக அதிகமான கட்டட அனுமதிகளை வழங்கிய வட்டாரங்களில் ஒன்றாக இருந்தது. அடுக்குமாடிக் கட்டடங்கள் முடியவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், பலன் தாமதமாக வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. உச்சத்திலிருந்த வாடகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. மக்கள் ஓடிப்போனதால் வாடகை விழுவது ஒன்று, மக்கள் வந்துகொண்டிருக்கும்போதே வீடுகள் அவர்களை முந்திக்கொண்டதால் விழுவது வேறு. ஆஸ்டினில் நடந்தது இரண்டாவது. வீட்டு உரிமையாளருக்கும் முதலீட்டாளருக்கும் இது வருத்தம் தரலாம். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் இது நல்ல செய்தி.

இதோடு நகர மன்றம் நிலப்பயன்பாட்டு விதிகளையும் தளர்த்தியது. 2023 நவம்பரில், புதிய கட்டடம் ஒவ்வொன்றும் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்ற கட்டாயத்தை நகர் முழுவதும் நீக்கியது. அதைச் செய்த மிகப் பெரிய அமெரிக்க நகரம் அப்போது ஆஸ்டின்தான். அடுத்த மாதமே, ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்ட அனுமதித்தது. 2024 மே மாதம் ஒரு மனையின் குறைந்தபட்சப் பரப்பை 5,750 சதுர அடியிலிருந்து 1,800 சதுர அடிக்குக் குறைத்தது. இதில் ஹூஸ்டன் முன்னோடி. அந்த நகரம் 1998இலேயே மையப்பகுதியில் மனையின் அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடிக்கு இறக்கி, 2013இல் அதை மற்ற பகுதிகளுக்கும் விரித்தது; பழைய ஒரு வீட்டின் இடத்தில் மூன்று ஒடுங்கிய மாடிவீடுகள் நிற்கும் காட்சி இன்று அங்கு சாதாரணம். 2025இல் டெக்சாஸ் சட்டமன்றமே பெரிய நகரங்களின் புதிய மனைப்பிரிவுகளில் 3,000 சதுர அடிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது.

ஆஸ்டினின் பலவீனம் போக்குவரத்து. 2020இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 710 கோடி டாலர் ரயில் திட்டம், செலவு ஏறியதால் 2023இல் சுமார் 16 கிலோமீட்டர் நீள இலகு ரயிலாகச் சுருங்கியது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலைக்குள் 5.25 விழுக்காட்டைத் தாண்டியபின், புதிய கட்டுமானம் தொடங்குவது குறைந்துவிட்டது. இன்று தொடங்காத கட்டடம் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து வாடகையில் தெரியும். விதி தளர்வுகள் நிலைத்திருப்பதால் அடுத்த சுற்றில் ஏற்றம் முன்னைப்போல் கடுமையாக இருக்காது என்பது என் எதிர்பார்ப்பு.

ஃபீனிக்ஸ் வட்டாரம் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீண்ட காலம் வீடு கட்டுவதே அதன் முதன்மைத் தொழிலாக இருந்தது. 2008 நெருக்கடியில் அதற்குப் பலத்த அடி விழுந்தது. இந்த முறை வேறுபாடு என்னவென்றால் அடித்தளத்தில் தொழிற்சாலை இருக்கிறது. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 2020 மே மாதம் வட ஃபீனிக்ஸில் 1,200 கோடி டாலரில் சிப் தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்தது. 2022 ஆகஸ்டில் உள்நாட்டு சிப் உற்பத்திக்கு 5,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிய சட்டம் வந்தபின் அந்தத் தொகை படிப்படியாக ஏறி, 2025 மார்ச்சில் 16,500 கோடி டாலராக அறிவிக்கப்பட்டது. முதல் ஆலை 2024 இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்து சேண்ட்லரில் இன்டெல் பல்லாண்டுகளாகவே இயங்குகிறது. ஆலை ஒன்று வந்தால் ரசாயனம், வாயு, இயந்திரப் பராமரிப்பு என்று அதைச் சார்ந்த நிறுவனங்கள் பின்னாலேயே வருகின்றன. இவை வேலைக்கு ஆள் எடுக்கும்போது பட்டதாரிகளை மட்டும் பார்ப்பதில்லை. குழாய் பொருத்துபவர், மின்பணியாளர், இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர் ஆகியோருக்கும் இடம் இருக்கிறது.

பாலைவனத்தில் இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது ஃபீனிக்ஸைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி. அரிசோனாவின் 1980ஆம் ஆண்டு நிலத்தடிநீர்ச் சட்டத்தின் தொடர்ச்சியாக வந்த விதிகளின்படி, ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் புதிய மனைப்பிரிவு போடுகிறவர் 100 ஆண்டுகளுக்குத் தண்ணீர் உறுதி என்று நிரூபிக்க வேண்டும். 2023 ஜூனில், அடுத்த நூறாண்டில் நிலத்தடி நீர்த் தேவையில் சுமார் 4 விழுக்காட்டை ஈடுசெய்ய முடியாது என்று மாநில அரசின் கணிப்பு சொன்னது. உடனே ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனி ஒப்புதல் இல்லை என்று அறிவித்தார். ஃபீனிக்ஸ் வறண்டு சாகிறது என்று உலகெங்கும் செய்தி போயிற்று. உண்மையில் அடிபட்டவை பக்கை, குவீன் கிரீக் போன்ற விளிம்பு ஊர்கள். ஃபீனிக்ஸ், மேசா, டெம்ப்பி போன்ற பழைய நகராட்சிகளுக்கு சால்ட் ஆற்றிலிருந்தும் கொலராடோ ஆற்றிலிருந்தும் பங்கு இருக்கிறது. இதனால் புதிய வீடுகள் விளிம்பில் பரவுவதைவிட உள்ளே நெருங்கி எழுவது கூடியிருக்கிறது; இதை நான் நன்மையாகவே பார்க்கிறேன். மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பங்கு வயல்களுக்கே போகிறது, அதே பரப்பில் வீடுகள் வந்தால் தண்ணீர்ச் செலவு குறையும். அதைக் கணக்கில் கொண்டு, பாசன நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற வழிவகுக்கும் சட்டமும் 2025இல் வந்தது.

கொலராடோ ஆற்றுப் பங்கு மட்டும் உறுதியானதல்ல. ஆற்றுநீரைப் பாலைவனத்தின் குறுக்கே 540 கிலோமீட்டர் கொண்டுவரும் கால்வாய்க்கு ஒப்புதல் பெற, அரிசோனா 1968இல் கலிபோர்னியாவுக்கு முன்னுரிமையை விட்டுக்கொடுத்தது. ஆகவே பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டு விழுவது இந்தக் கால்வாய்க்கு. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது அப்படியே நடந்தது. இப்போதைய பங்கீட்டு விதிகள் 2026இல் முடிகின்றன. வெப்பமும் அவ்வளவே கடுமை. 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் காய்ந்தது. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுன்டியில் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் வீடற்றவர்கள் பலர். குளிர்சாதனம் உள்ள வீட்டில் இருப்பவரின் ஃபீனிக்ஸும் தெருவில் இருப்பவரின் ஃபீனிக்ஸும் ஒரே ஊர் அல்ல.

வட கரோலினாவின் வளர்ச்சி இவ்வளவு பரபரப்பில்லாதது, அதனாலேயே உறுதியானது. ராலே, டர்ஹம், சேப்பல் ஹில் என்ற மூன்று ஊர்களிலும் மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள். அவற்றின் நடுவே 1959இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பூங்கா. புகையிலையும் நெசவும் அறைகலனும் தேயத் தொடங்கும் முன்பே, படித்த பிள்ளைகள் மாநிலத்தைவிட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து வைத்த முதலீடு அது. 1965இல் ஐபிஎம் அங்கு வர முடிவு செய்தபின்தான் பூங்கா உயிர்பெற்றது. இன்று மருந்து, உயிரித் தொழில்நுட்பம், மென்பொருள் எல்லாம் அங்கே கலந்திருப்பதால், ஒன்று சரிந்தாலும் மற்றொன்று தாங்குகிறது. சிப் மூலப்பொருள் தயாரிக்கும் வுல்ஃப்ஸ்பீட் 2025இல் திவால் பாதுகாப்பு கோரியபோதும் வட்டாரம் அசையவில்லை. ராலே நகராட்சி இரட்டை வீடுகளைப் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் அனுமதித்து, கார் நிறுத்துமிடக் கட்டாயத்தையும் நீக்கியிருக்கிறது. அருகிலுள்ள கேரியில் தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைய. அங்குள்ள வேங்கடேசுவரர் கோயிலில் 2022இல் 87 அடி உயர ராஜகோபுரம் எழுந்தது. ராலே வட்டாரத்தின் குறை இரயில்: டர்ஹமையும் சேப்பல் ஹில்லையும் இணைக்கத் திட்டமிட்ட இலகு ரயில் 2019இல் கைவிடப்பட்டது.

சார்லட் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்ட நகரம். பேங்க் ஆஃப் அமெரிக்கா, ட்ரூயிஸ்ட் ஆகிய வங்கிகளின் தலைமையகம் இங்கே. 2007இல் நீலப் பாதை இலகு ரயில் ஓடத் தொடங்கியபின், பழைய ஆலைகளும் கிடங்குகளும் நின்ற சவுத் எண்ட் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்தது. 2018இல் பாதை பல்கலைக்கழகம் வரை நீண்டது. காரை மட்டும் நம்பி வளர்ந்த தென்மாநில நகரம் ஒன்றில் ரயில் பாதையைப் பின்தொடர்ந்து வீடுகள் எழும் என்பதை நிரூபித்தது இதுதான். 2025 நவம்பரில் சார்லட் அடங்கிய கவுன்டியின் வாக்காளர்கள் போக்குவரத்துக்காக விற்பனை வரியை ஒரு விழுக்காடு கூட்ட ஒப்புக்கொண்டார்கள்.

கொலம்பஸ், அறிவிப்பையும் உண்மையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. 2022 ஜனவரியில் இன்டெல் அதன் அருகே 2,000 கோடி டாலரில் இரண்டு சிப் ஆலைகள் கட்டுவதாக அறிவித்ததும், மத்திய மேற்கின் மறுபிறப்பு என்று கொண்டாடினார்கள். 2025இல் திறக்க வேண்டிய முதல் ஆலை 2030க்குத் தள்ளிப்போய்விட்டது. அப்படியும் கொலம்பஸை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. இன்டெல் வருவதற்கு முன்பே, 2010க்கும் 2020க்கும் இடையில், நகரம் 15 விழுக்காடு வளர்ந்து 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாநிலத் தலைநகரம், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம், காப்பீட்டு நிறுவனங்கள், கிடங்குகள் என்று அதன் வருமானம் பல கிளைகளில் பரவியிருக்கிறது. 2024 ஜூலையில் முக்கியச் சாலைகளை ஒட்டி உயரமான கட்டடங்களை அனுமதிக்கும் புதிய விதித்தொகுப்பை நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில் விரைவுப் பேருந்துத் தடங்களுக்கான வரியை மக்கள் ஏற்றார்கள். கிளீவ்லாந்தும் சின்சினாட்டியும் பழைய பெருமையைப் பேசிக்கொண்டிருக்க, கொலம்பஸ் ஆரவாரமில்லாமல் வளர்ந்துவிட்டது.

ஹன்ட்ஸ்வில் கொலம்பஸைவிடச் சிறியது, அடித்தளம் ஒற்றையானது: மத்திய அரசின் பணம். ரெட்ஸ்டோன் ராணுவத் தளமும், 1960இல் தொடங்கிய நாசாவின் மார்ஷல் விண்வெளி மையமும் அதன் உயிர்நாடி. 2020 கணக்கெடுப்பில் 2.15 லட்சம் பேருடன் பர்மிங்ஹாமையும் மீறி அலபாமாவின் மிகப் பெரிய நகரமாயிற்று. மஸ்டாவும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தும் கார் ஆலை 2021இல் வந்தது. ராணுவத்தின் விண்வெளிக் கட்டளையகத் (ஸ்பேஸ் கமாண்ட்) தலைமையகத்தை இங்கு மாற்றுவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது. வீடுகள் தாராளமாகக் கட்டப்படுவதால் பொறியாளர் சம்பளத்துக்கு வீட்டு விலை இன்னும் எட்டும் தொலைவில் இருக்கிறது.

புளோரிடாவைப் பலர் முதலில் வைப்பார்கள், நான் வைக்கவில்லை. டாம்பாவும் ஆர்லாண்டோவும் மக்களைச் சேர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் புயலுக்குப்பின் புயலாக வீட்டுக் காப்பீட்டுச் செலவு ஏறியதும், 2021 ஜூனில் சர்ஃப்சைடில் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தபின் பழைய கட்டடங்களுக்குக் கட்டாயப் பரிசோதனையும் பராமரிப்பு நிதியும் வந்ததும், மலிவான மாநிலம் என்ற பெயரைக் கரைத்துவிட்டன. நாஷ்வில் நல்ல நிலையில் இருக்கிறது. 2018இல் போக்குவரத்துத் திட்டத்தை நிராகரித்த வாக்காளர்கள் 2024இல் அதற்கு வரி கட்ட முன்வந்தது நல்ல அறிகுறி.

டெட்ராய்ட்டின் கணக்கு வேறு. 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2020இல் 6.4 லட்சத்துக்கு இறங்கி, நடுவில் 2013இல் திவாலும் ஆயிற்று. 2023இல், 1957க்குப்பின் முதன்முறையாக, அதன் மக்கள்தொகை கூடியது. 2024இல் மேலும் 6,800 பேர் சேர்ந்தார்கள். 1988 முதல் பாழடைந்து கிடந்த மிச்சிகன் மத்திய ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கி, 2024 ஜூனில் திறந்தது. எண்ணிக்கையில் இது டாலஸ் வட்டாரத்தின் ஒரு மாத வளர்ச்சிக்குக்கூட ஈடாகாது. ஆனால் குழாயும் சாலையும் ஏற்கெனவே இருக்கும் நகரத்தில் ஒரு குடும்பம் குடியேறுவதற்கு ஆகும் பொதுச்செலவு, சோளக்கொல்லையில் புதிதாக ஊர் போடுவதற்கு ஆவதைவிட மிகக் குறைவு. தண்ணீரோ, உலகின் மிகப் பெரிய நன்னீர்ப் பரப்புகளில் ஒன்று அருகிலேயே கிடக்கிறது. இருபது ஆண்டுகள் தள்ளிப் பார்த்தால் இந்த வசதிக்கு இன்னும் மதிப்புக் கூடும்.

கடைசியாக, இந்த வரிசையைக் கலைக்கக்கூடிய காரணி குடியேற்றம். 2024 வரையிலான ஓராண்டில் அமெரிக்க மக்கள்தொகை 33 லட்சம் கூடியது. அதில் 28 லட்சம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். 2025 முதல் விதிகள் இறுகியுள்ளன. அந்தச் செப்டம்பரில் புதிய எச்–1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு வரவையே நம்பியிருந்த நியூயார்க், மயாமி போன்ற நகரங்களுக்கு இது உடனே தெரியும். ஹூஸ்டனுக்கும் டாலஸுக்கும் பாதி வலிக்கும்: உள்நாட்டு வரவும் பிறப்பும் அவற்றைத் தாங்கும், ஆனால் இர்விங், ஃப்ரிஸ்கோ போன்ற ஊர்களில் வீடு வாங்கும் இந்தியக் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்தால் அங்குள்ள புதிய வீட்டுச் சந்தை முதலில் உணரும். வீடு கட்டும் தொழிலாளர்களில் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பதால், தேவை குறையும் அதே நேரத்தில் கட்டும் கைகளும் குறையும். உள்நாட்டவரையே ஈர்க்கும் ஹன்ட்ஸ்வில்லும் ராலேயும் இதில் மிகக் குறைவாகப் பாதிக்கப்படும். அடுத்த ஐந்தாண்டுக்கு ஒரே ஒரு வட்டாரத்தைச் சொல் என்று கேட்டால், டாலஸைவிட ராலேயைத்தான் சொல்வேன்.